வெள்ளிக்கிழமைதோறும் பேசாத பெட்டி

வியாழக்கிழமை, காலை 6.10

பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டிரைவர் செல்வின் ஒரே ஒரு முறை ஹாரன் அடித்தார். இரண்டாவது முறை அடித்தால் என் மனைவிக்குக் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஐப்பசி முதல் வாரம். வானம் மூட்டமாக இருந்ததே தவிர மழை இல்லை. மடிக்கணினி, ஒரு பை நிறைய ஒயர், இரண்டு ஆண்டெனா, ஒரு டஜன் சிம் கார்டு, ஒரு குடை. தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை இரண்டு நாளில் பார்த்துவிட்டு வர எனக்கு வேண்டிய சாமான் இவ்வளவுதான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவன் இல்லை. ஆற்றோரத்தில் குடிநீர் ஏற்றும் நிலையங்களிலும் நீர்மட்டம் பார்க்கும் இடங்களிலுமாக எங்கள் கம்பெனி ஒன்பது பெட்டிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவு. மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, கடல் பக்கமானால் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செல்போன் வழியாக ஒரு வரி அனுப்ப வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. ஒரு கம்பெனி நெட்வொர்க் போனால் இன்னொன்றின் வழியாகப் போகட்டும் என்று உள்ளே இரண்டு சிம் போட்டிருக்கிறோம். அந்தக் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றாம் சிம், இரண்டாம் சிம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பெட்டி வாய் மூடிவிட்டால் அதைப் பேச வைப்பது என் பொறுப்பு.

இந்த முறை வாய் மூடியது ஒன்பதாம் பெட்டி. ஆத்தூருக்குக் கீழே, ஆறு கடலைச் சேர்வதற்குச் சில கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஒரு சின்ன நீரேற்று நிலையத்தில் அது இருக்கிறது. தொடர்ந்து நான்கு வெள்ளிக்கிழமைகள், காலை ஆறரையிலிருந்து பகல் ஒரு மணி வரை அங்கிருந்து ஒரு வரிகூட வரவில்லை. மற்ற நாட்களில் குறையே இல்லை. நிலையத்தைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் என்ன விஷயம் என்று எங்களுக்கு எழுதிக் கேட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பதில் எழுதினேன்: “பெட்டியில் பழுதில்லை. இரண்டு சிம்களுக்கும் சிக்னல் உள்ளது. சிம் மாறுவதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். நிலையத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.”

ஒப்பந்ததாரர் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே பகலில் மோட்டார் இயக்கும் இசக்கியம்மாள் வெள்ளிதோறும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று முடிவு கட்டி, வரும் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளியன்று நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்து, சனிக்கிழமைக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது எனக்கு வந்த உத்தரவு. போகிற போக்கில் வியாழனன்று மேல்பக்கத்துப் பெட்டிகளையும் மழைக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இசக்கியம்மாள் விஷயத்தில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

காலை 7.15

பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர். சாலையின் இரண்டு பக்கமும் நாற்றங்காலுக்கு உழுது போட்டிருந்தார்கள். செல்வினுக்கு நாற்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன். பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர். கையில் இரண்டு போன், மூன்று சிம். வீரவநல்லூர் தாண்டியதும் அவர் மனைவி கூப்பிட்டார்.

“கல்லிடைக்குறிச்சி போயிட்டுக் கூப்பிடுதேன். இப்பம் கட்டாயிரும்” என்றார் செல்வின். சொல்லி முடிக்கவும் கட்டானது.

“எப்படிலே தெரியும்?” என்றேன்.

“அந்தா ஒத்தப் பனை நிக்குல்லா, அதுவரைக்கும்தான் ஒண்ணாம் நம்பர். அப்புறம் செத்துரும். ஆத்துப் பாலத்துல ரெண்டாம் நம்பர் எந்திக்கும். பாருங்க அண்ணாச்சி.”

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த சிக்னல் வரைபடம் ஒன்று உண்டு. அதில் இந்த இடம் பச்சையாக இருக்கிறது. வரைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் மடிக்கணினியை மூடி வைத்தேன்.

அம்பாசமுத்திரத்தில் நான்கு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, எழுபது ரூபாய். வடை நன்றாக இருந்தது.

காலை 8.40

பாபநாசம். வீட்டிலிருந்து வண்டி மீட்டரில் 49 கிலோமீட்டர். கோவிலைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு கம்பத்தில் முதல் பெட்டி இருக்கிறது. குரங்குகள் ஆண்டெனா ஒயரைப் பிடித்து ஊஞ்சலாடி, பாதியைப் பிடுங்கிப் போட்டிருந்தன. வேறு ஒயர் போட்டு, இந்த முறை இரும்புக் குழாய்க்குள் நுழைத்துக் கட்டினேன். ஒரு பெரிய குரங்கு பாறையில் உட்கார்ந்து நான் முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்தது. நான் போனதும் அது சோதித்துப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையடி என்பதால் இங்கே எந்த நெட்வொர்க்கும் ஒரு நிலையாக நிற்காது. ஒன்று வரும், போகும். இன்னொன்று வரும், அதுவும் போகும். வைத்த புதிதில் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிம்மிலிருந்து அடுத்த சிம்முக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் பேட்டரி செலவு. சூரிய ஒளியில் சேரும் மின்சாரம் எல்லாம் தாவுவதிலேயே தீர்ந்து, மத்தியானத்துக்குள் பெட்டி படுத்துவிடும். அதனால் நான் ஒரு விதி எழுதினேன். அனுப்பிய வரிக்குப் பதில் வராவிட்டாலும் சிக்னல் இருக்கும் வரை அந்த சிம்மை விடாதே, ஆறு மணி நேரம் பொறு, அப்புறம்தான் மாற்று என்று. மேலே அணையில் தண்ணீரைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பெட்டி ஆறு மணி நேரம் பேசாமல் இருந்தாலும் இங்கே ஒன்றும் குடி முழுகிவிடாது.

அந்த விதிக்குப் பிறகு பேட்டரி ஒரு நாளும் படுக்கவில்லை. அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். நானும் அதே விதியை மற்ற எட்டுப் பெட்டிகளுக்கும் ஏற்றினேன்.

திரும்பும் வழியில் மூன்று பெட்டிகள். எல்லாம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தன. மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை, காலை 4.45

இன்று கிழக்கே. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை. மேற்கே நேற்று நெல், இங்கே வாழை. தென்திருப்பேரையில் டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை மட்டும் இருபது ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். ஆத்தூர் வந்ததும் சாலையோரமெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். அங்கிருந்து ஆற்றங்கரை மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர். 6.15க்கு நிலையத்தில் இறங்கினோம். மீட்டரில் 54 கிலோமீட்டர்.

ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு பெரிய மோட்டார், சுவரில் சுவிட்ச் போர்டு, அதன் பக்கத்தில் எங்கள் பெட்டி. வெளியே ஆறு அகன்று, ஓட்டம் தெரியாமல் கிடந்தது. மேலேயிருந்து வரும் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர் இதுவரை ஏறிவிடும். அப்போது மோட்டாரை நிறுத்தாவிட்டால் பல ஊர்களின் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் போய்ச் சேரும். ஒன்பதாம் பெட்டியை இங்கே வைத்ததே அதற்காகத்தான்.

இசக்கியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஈரத்தலையில் துண்டு கட்டி, கையில் ஒரு முழம் பிச்சிப் பூவுடன் வாசலில் நின்றார்.

“வாங்க சார். நான் அணைக்கதைப் பாக்கத்தான வந்திருக்கிய? சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிய” என்றார்.

“அப்போ அணைக்கது உண்மைதானாம்மா?” என்றேன்.

“உண்மைதான். நான் எப்பம் இல்லைன்னு சொன்னேன்? வெள்ளிக்கிழமை காலைல அணைப்பேன். துடைப்பேன், பொட்டு வைப்பேன், சூடம் காட்டுவேன், திரும்பப் போடுவேன். எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான் செஞ்சாரு. ஓடுத மோட்டார்ல ஈரத்துணியை வைக்க முடியுமா?”

6.30க்கு மோட்டாரை நிறுத்தினார். பிறகு மெயின் சுவிட்ச். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். எங்கள் பெட்டியின் அடியில் கையை விட்டு அதன் சின்ன சுவிட்சையும் அணைத்தார். சின்ன மின்வெட்டுக்கெல்லாம் பெட்டி அணையக் கூடாது என்று, கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு பேட்டரியை உள்ளே வைத்திருக்கிறோம். அந்த சுவிட்சைத் தொட்டால் அதுவும் சேர்ந்து அணையும். பழுது பார்க்க வரும் ஆளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவார்கள் என்று நாங்கள் நினைத்ததில்லை.

“அதை எதுக்கும்மா அணைக்கிய?”

“அதுவும் மிஷின்தான சார். அதை மட்டும் ஒதுக்கி வைக்க முடியுமா?”

மோட்டாரை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தார். போல்ட் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்து, ஒன்று தளர்ந்திருந்ததை ஸ்பேனர் எடுத்து முறுக்கினார். சுவிட்ச் போர்டுக்குச் சந்தனம், குங்குமம். எங்கள் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். ஆண்டெனாவில் இரண்டு பிச்சிப் பூ. சூடத் தட்டை மூன்று முறை சுற்றிக் காட்டிவிட்டு எங்களிடம் நீட்டினார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். செல்வின் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். 6.52க்கு எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம்.

மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. எங்கள் பெட்டியில் விளக்கு கண் சிமிட்டி, ஒன்றாம் சிம்மைப் பிடித்தது. சிக்னல் முழுசாகக் காட்டியது. நான் தரையில் உட்கார்ந்து, என் போனின் இரண்டாம் சிம் வழியாக மடிக்கணினியில் எங்கள் அலுவலகத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

7.02. ஒன்றும் வரவில்லை. 7.12. வரவில்லை. ஒரு மணி நேரமாக வரி வராததால், மோட்டார் நிற்பதாகவே எடுத்துக்கொண்டு, 7.30க்குத் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: “நிலையம் 9: இயக்கம் இல்லை.” அந்த நேரம் மோட்டார் ஓடுகிற ஓட்டத்தில் நான் உட்கார்ந்திருந்த தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தார். “டவர் ஃபுல்லா நிக்கும் சார், ஒண்ணும் போவாது. எங்கிட்டயும் அதே சிம்முதான். பாளையங்கோட்டைல நர்ஸுக்குப் படிக்க மவளுக்கு ஒரு போட்டோ அனுப்பணும்னாகூட ஆத்தூர்ப் பாலத்துக்குத்தான் போணும். ஒரு மாசமா இப்படித்தான் இருக்கு.”

“இதை யார்ட்டயும் சொல்லலையாம்மா?”

“சொன்னேனே. உள்ள ரெண்டு சிம் இருக்கு, மிஷின் பாத்துக்கிடும்னு எழுதியே வந்திருக்குன்னு சொல்லிட்டாவ. இஞ்சினியர் எழுதியிருக்காராம்.”

அந்த இஞ்சினியர் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை மோட்டார் நிலவரமும் உப்பு அளவும் நீல மையில் எழுதியிருந்தது. போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் தேடினேன். “9.20 உப்பு ஏறுது. நிப்பாட்டியாச்சு. 11.05 நல்ல தண்ணி. போட்டாச்சு.” எங்கள் பெட்டி வாய் மூடிக் கிடந்த நேரத்தில் தொட்டிகளுக்கு உப்புத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டது இவர்தான்.

“இதைக் காட்டலையா?”

“காட்டினேன். நோட்டுல யாரும் என்னமும் எழுதலாம், மிஷின்தான் பொய் சொல்லாதுன்னுட்டாவ.”

காலை 10.20

நடந்தது இன்னதென்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆற்றோரத்தில் ஒவ்வொரு பெட்டியும் அணைத்துப் போட்டால் முதலில் ஒன்றாம் சிம்மைத்தான் பிடிக்கும். இங்கே ஒரு மாதமாக ஒன்றாம் சிம்மில் சிக்னல் உண்டு, தகவல் போகாது. என் விதிப்படி பெட்டி ஆறு மணி நேரம் பொறுத்துவிட்டு இரண்டாம் சிம்முக்கு மாறும். அதன் பிறகு அடுத்த வெள்ளி வரை யாரும் அதை அணைக்க மாட்டார்கள், ஒழுங்காகப் பேசும். மலைக்கு எழுதிய மருந்துச் சீட்டை நான் கடலுக்கும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கணக்குச் சரிதானா என்று கண்ணால் பார்க்க வேண்டும். 6.52உடன் ஆறு மணி நேரம் சேர்த்தால் 12.52. அதுவரை காத்திருக்க, செல்வின் என்னைப் புன்னக்காயலுக்கு அழைத்துப் போனார்.

ஆத்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டர். வழி நெடுக உப்பங்கழியும் முள்ளும்தான். ஊருக்குள் நுழைந்ததும் மாதா கோவில், அப்புறம் வரிசையாகப் படகு. ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்றோம். நேற்றுக் காலையில் குரங்குகளோடு பார்த்த தண்ணீர்தான் இது என்று நம்ப முடியவில்லை. பழுப்பு நிறத்தில், அலையோடு தள்ளுமுள்ளு பண்ணிக்கொண்டிருந்தது. இங்கே இரண்டு சிம்மும் நன்றாக வேலை செய்தன. எங்கள் மேலாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் திருநெல்வேலிக்காரர்தான்.

“நெட்வொர்க் கோளாறுன்னு ஒரு வரி எழுதி முடிச்சிரும் வே. யாருக்கும் சேதமில்லை” என்றார்.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மட்டும் எந்த நெட்வொர்க் லீவு போடும்னு அவங்க கேப்பாங்களே. அந்த அம்மாதான் அணைச்சுட்டுப் போயிட்டாங்கன்னு திரும்ப அங்கேயே வந்து நிக்கும்.”

“நம்ம விதி தப்பு, நாம எழுதின கடுதாசியும் தப்புன்னு நம்மளே எழுதிக் கொடுத்தா, அடுத்த வருஷம் இந்த வேலை நமக்கு வருமா? யோசிச்சுக்கிடும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வண்டிக்குத் திரும்பினேன். செல்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“எழுதலைன்னா அந்த அம்மாவுக்கு வேலை போவும். எழுதினா உங்க வேலை போயிருமா அண்ணாச்சி?”

“போகாது. பேரு கெடும்.”

“பேருதான?” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் பேரை இவ்வளவு மலிவாக யாரும் மதிப்பிட்டதில்லை.

பகல் 12.40

நிலையத்தில் மூன்று பேரும் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். இசக்கியம்மாள் மோட்டார் சத்தத்துக்கு நடுவே எங்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். 12.52. பெட்டியின் விளக்கு அணைந்து, மறுபடி கண் சிமிட்டி, இரண்டாம் சிம்முக்குப் போனது. 12.53க்குத் திரையில் பச்சை எழுத்து: “நிலையம் 9: மோட்டார் ஓடுகிறது.”

“இதுக்கா என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னாவ?” என்று இசக்கியம்மாள் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

“அந்தக் கடுதாசியை எழுதின இஞ்சினியர் நான்தாம்மா” என்றேன். “உங்களை ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது.”

அவர் மோர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார். “அதை எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவுகட்ட சொல்லுங்க” என்றார்.

பெட்டியின் விதியை மாற்றினேன். பதில் வராமல் பத்து நிமிடம் ஆனால் அடுத்த சிம்முக்குப் போய்விடும். இங்கே மின்சாரம் உண்டு, பேட்டரிக் கவலை இல்லை. எத்தனை முறை தாவினாலும் தாவட்டும். பிறகு ஆத்தூர்ப் பாலத்துக்குப் போய், பாலத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அறிக்கையை எழுதினேன். நிலையத்தில் இன்று மோட்டார் நின்றது இருபத்திரண்டு நிமிடம் மட்டுமே. பராமரிப்புக்காக அணைத்துத் துடைத்தது சரியான பழக்கம். மீதி ஆறு மணி நேரம் தகவல் வராததற்குக் காரணம் நான் எழுதிய விதி. முன்பு நான் அனுப்பிய பதில், இடத்தைப் பார்க்காமல் எழுதியது, அதைத் திரும்பப் பெறுகிறேன். நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்துச் சேர்த்தேன். பெயருக்குக் கீழே கையெழுத்து. 2.35க்கு இரண்டாம் சிம் வழியாகப் போனது.

கிளம்பும் முன் ஒரு முறை நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“இனிமே வெள்ளிக்கிழமை உங்க மிஷினை அணைக்கவா, வேண்டாமா?”

“எப்பவும் போல அணைச்சுத் துடைங்கம்மா. போட்ட பிறகு அது வழி தேடிக்கிடும்.”

பாளையங்கோட்டை, அடுத்த வெள்ளிக்கிழமை

சனிக்கிழமை ஒப்பந்ததாரரிடமிருந்து “அறிக்கை கிடைத்தது” என்று இரண்டு வார்த்தை வந்தது. வேறொன்றும் வரவில்லை. மேலாளர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கழிந்தது, செவ்வாய் கழிந்தது. ஒன்பதாம் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு வரி தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடுகிறது என்று அது சொல்லும்; ஓட்டுவது யார் என்று சொல்லாது. இசக்கியம்மாளின் போன் நம்பரை வாங்காமல் வந்திருந்தேன். இரண்டு சிம் போட்ட போனைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தொடர்பு கொடுக்கிறவன், ஒரு மனுஷிக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்ததாரரைக் கேட்கலாம்தான். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தேன். என் மனைவி காபியை வைத்துவிட்டு, “இன்னைக்கு என்ன?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

6.20. பச்சை. மோட்டார் ஓடுகிறது. புதிதாக ஒருவரைப் போட்டிருந்தால், அவர் பெட்டிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சைத் தொடப் போவதில்லை. அது இருப்பதே அவருக்குத் தெரியாது.

6.30க்கு வரவேண்டிய வரி வரவில்லை.

நான் காபியைக் கையில் எடுத்தேன். 6.40க்கும் வரவில்லை. போனமுறை நிலையத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்த அதே வெற்றுத் திரை. எண்ணெய்ப் பிசுக்கு, ஸ்பேனர், சந்தனம், ஆண்டெனாவில் இரண்டு பூ என்று நான் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “என்ன, பெட்டி பேசலையா?” என்றாள்.

“பேசலை” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.